மண்ணெண்ணெய் மணக்குது என்று சொன்ன நாள்

பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த பிறகு நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "பாஸ், உங்கட அனுபவங்களை எழுதித் தாங்கோ, எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். வரும்போது பிஸ்கட் பெட்டியும் கொண்டு வந்தீர்கள். நான் திருத்திய இஞ்சின்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது என்னத்துக்கு? திருத்திய இஞ்சினைப் பற்றிப் பெருமை பேச எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடத் தொழிலில் நான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். அதைத்தான் எழுதுகிறேன். வாசித்த பிறகு பிஸ்கட்டைத் திருப்பிக் கேட்டாலும் தருவேன், பெட்டியை இன்னும் உடைக்கவில்லை.

விட்டு விட்டு வரும் பழுதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அடியோடு செத்துப்போன இஞ்சினைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது செத்த இடத்திலேயே கிடக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் காரணம் அகப்படும். கடலில் நின்றுவிட்டு, கரைக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிற இஞ்சின்தான் ஆளின் குணத்தைச் சோதிக்கும். கடலில் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, படகோட்டிதான் பார்த்தவர். அவர் சொல்வதில் இருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவர் சொல்லி நாங்கள் கேட்பதாவது!

நிலாவெளிக் கடற்கரையில் விடுதி நடத்திய ஒரு முதலாளியிடம் ஐந்து போட்டுகள் இருந்தன. சுற்றுலாவுக்கு வருகிறவர்களைப் புறாமலைத் தீவுக்கும், திமிங்கிலம் பார்க்க ஆழ்கடலுக்கும் கொண்டு போகிற போட்டுகள். ஐந்தின் இஞ்சின் வேலையும் என்னுடையதுதான். அதில் பெரிய போட்டை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர். அண்ணன் என்கிற அர்த்தத்தில் நான் அவரை நானா என்பேன், மெக்கானிக்மாரை அழைக்கிற வழக்கப்படி அவர் என்னைப் பாஸ் என்பார். வயதில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் எல்லோருக்கும் முதல் வந்து இருக்கைகளைத் துடைப்பார், மிதவை அங்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார், பெற்றோல் டாங்கியையும் துடைத்து, மூடியைக் கை வலிக்கும்வரை இறுக்கிப் பூட்டுவார். பெற்றோல் மணம் வெளியே வந்தால் சின்னப் பிள்ளைகள் சத்தி எடுக்குமாம். இந்தக் கரையில் அவ்வளவு கவனமான ஆளை நான் வேறு பார்க்கவில்லை, அதை அன்றைக்கும் அறிந்துதான் இருந்தேன்.

நாடே பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலம் முடிந்து அடுத்த பருவம் அது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்து போட்டுகளை மறுபடி கடலில் இறக்கி இரண்டு கிழமை ஆகியிருக்கும். பெரிய போட்டின் இஞ்சின் நடுக்கடலில் நின்றது. அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, இருமி, சோர்ந்து, நின்றுவிட்டது. இன்னொரு போட் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நான் போனேன். போனதும் வழக்கம்போல முதலில் டாங்கி மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன், முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. பிளக் மாற்றிவிட்டு வந்தேன்.

நாலு நாளில் மறுபடி நின்றது. மறுபடி போனேன், மூடியைத் திறந்தேன், பெற்றோலைப் பார்த்தேன், ஸ்டார்ட் பண்ணினேன். சிங்கக்குட்டி மாதிரி ஓடியது. பெற்றோல் வடிகட்டியை மாற்றினேன், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். இடையில் நானாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் முதலாளியின் அக்கா மகன் ஓட்டினான். நாலு தரம் புறாமலைக்குப் போய் வந்தான், இஞ்சின் ஒருதரம் கூட நிற்கவில்லை. "பாஸ் கையை வெச்சா வெச்சதுதான்" என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

மூன்றாம் தரம் நின்றபோது கதை மாறியது. போட்டில் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள். புறாமலைக்குக் கிட்ட இஞ்சின் நிற்க, நீரோட்டம் போட்டைப் பாறைப் பக்கம் இழுத்திருக்கிறது. நானா தண்ணீரில் குதித்து, போட்டுக்கும் பாறைக்கும் நடுவில் நின்று முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு மீன்பிடி வள்ளம் கண்டு கயிறு எறிந்தது. நான் கரையில் போய் நிற்கும்போது அந்தப் பிள்ளைகள் இரண்டும் மணலில் இருந்து அழுதுகொண்டிருந்தன. தகப்பன் ஆங்கிலத்தில் முதலாளியை ஏசிக்கொண்டிருந்தார். நானாவின் முதுகில் பாறை கிழித்த இடத்தில் சேர்ட்டோடு இரத்தம் ஒட்டிக் கிடந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் எனக்கு இஞ்சின்தான் முக்கியம்.

வழக்கம்போல மூடியைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன், ஸ்டார்ட் பண்ணினேன். பிடித்துக்கொண்டது.

முதலாளி என் தலைக்கு மேல் வந்து நின்றார். "பாஸ், இது மூண்டாந்தரம். இனி எனக்குப் பாப்பம், செய்வம் எண்டு சொல்லாதேங்கோ. அந்த மனுசன் பொலிசுக்குப் போகப் போறன் எண்டு நிக்கிறார். எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கோ."

நானா கிட்ட வந்தார். "பாஸ், நான் ஒண்டு கண்டன். நிக்கிற நேரம் அந்த ரப்பர் பந்து சப்பளிஞ்சி கெடக்கு. அமுக்கி அமுக்கிப் பாத்தன், திரும்பி எழும்புதில்ல. அதக் கொஞ்சம் பாருங்க."

பெற்றோல் குழாயின் நடுவில் கையால் அமுக்கிப் பெற்றோல் ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் பந்து இருக்கும், உங்களுக்குத் தெரியும். நான் அதை எடுத்துப் பார்த்தேன். உருண்டையாக, இறுக்கமாக, நல்லபடியாகத்தான் இருந்தது.

"இது உருண்டையாத்தானே இருக்கு, நானா" என்றேன்.

"இப்ப இரிக்கி. கடல்ல இருக்கல்ல, பாஸ்."

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் முழுப் பழுதும் இருந்தது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நானோ முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி சொன்னார்: "அக்கான்ர மோன் ஓட்டின ரெண்டு நாளும் ஒண்டும் நடக்கேல்லை. இவர் ஓட்டினா மட்டும் ஏன் நிக்குது? எனக்கு அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

எனக்கு மறுமொழி தெரியாது. அதுதான் உண்மை. "எனக்குத் தெரியேல்லை, போட்டை ரெண்டு நாளைக்குக் கரையில விடுங்கோ" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலாளி முகத்தைச் சுளித்திருப்பார். இரண்டு நாள் ஓட்டம் கெட்டிருக்கும். அவ்வளவுதான். ஆனால் சுற்றிவர இருபது பேர் நிற்கிறார்கள், பத்து நாளுக்கு முதல் கையை வைத்தால் வைத்ததுதான் என்று பெயர் எடுத்தவன் நான். டாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோலை உள்ளங்கையில் விட்டு, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். பெரிய டொக்டர் நாடி பார்க்கிற மாதிரி கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"சாடையா மண்ணெண்ணெய் மணக்குது" என்றேன்.

அதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் பெற்றோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்பதுதான் கரையில் நாள் முழுக்கக் கதை. எல்லோரும் நானாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிண்ணியா ஆள், மற்றவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது. இல்லை என்று நான் உங்களுக்குப் பூசி மெழுக மாட்டேன்.

"பாஸ், என்ன செல்றீங்க?" என்றார் நானா. "அல்லாட ஆணையா நான் அப்பிடிச் செய்யல்ல. இன்னொருக்கா மணந்து பாருங்க. பாஸ்!"

நான் குனிந்து என் ஸ்பானர்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன். அளவு வாரியாக அடுக்கினேன். அதுவரைக்கும் நான் ஒருநாளும் அப்படி அடுக்கினது கிடையாது.

அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்கள். டாங்கியைக் காலி பண்ணிப் புதுப் பெற்றோல் அடித்தார்கள். அக்கா மகன் ஓட்டத் தொடங்கினான். அந்தப் பருவம் முழுக்க அந்த இஞ்சின் ஒருதரம் கூட நிற்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நானா நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஒவ்வொரு போட் முதலாளியிடமும் போய் வேலை கேட்டிருக்கிறார். கேட்கிற இடமெல்லாம் அவர் போக முதலே "மண்ணெண்ணெய் நானா" என்ற பட்டம் போய்ச் சேர்ந்திருந்தது. என்னிடம் ஒருதரம் வந்தார், பட்டறைக்கு. நான் வேலையில் இருக்கிறேன் என்று கைவேலைக்கு நின்ற பெடியனைக் கொண்டு சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

மாரி தொடங்க, வருடந்தோறும் போல ஐந்து இஞ்சின்களும் டாங்கிகளும் என் பட்டறைக்கு வந்தன. பெரிய போட்டின் இஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி, டாங்கியைக் கொளுவி ஓடவிட்டேன். வெளியே மழை. பட்டறைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் டாங்கிக்குள் போய்விடக் கூடாதென்று மூடியை நன்றாக இறுக்கிவிட்டு, பிளேன்ரீயோடு கதிரையில் இருந்தேன். அரைமணி நேரம் ஓடியது. பிறகு இருமியது, சோர்ந்தது, நின்றது.

எழும்பிப் போய் ரப்பர் பந்தைப் பிடித்தேன். சப்பளிந்து கிடந்தது. அமுக்கினால் எழும்பவில்லை.

வழக்கம்போலக் கை டாங்கி மூடிக்குப் போனது. மெதுவாக மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. என் கண்ணுக்கு முன்னால் பந்து உருண்டு எழும்பியது. ஸ்டார்ட் பண்ணினேன், முதல் இழுப்பிலேயே பிடித்தது.

டாங்கியில் பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டாங்கி பெற்றோலை வெளியே விடாது. அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழையுமளவு ஒரு துவாரம் இருக்கும். அந்தத் துவாரம் எங்கே என்று தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டை வைத்தவன் நான். வருடப்பிறப்புக்குப் பிறகு போட்டுகளை இறக்கும்போது இஞ்சினுக்கும் டாங்கிக்கும் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். சந்தனம் கடல் தண்ணீர் பட்டதும் கரைந்து போய்விடுகிறது என்று முதலாளிமார் குறைப்பட்டுக்கொண்டார்கள். நான்தான் மூளைசாலியாயிற்றே, அந்த வருடம் சந்தனத்தூளை வார்னிசில் குழைத்து வைத்தேன். பருவம் முழுக்க அழியவில்லை. எல்லோரும் மெச்சினார்கள். மற்ற நாலு போட்டிலும் பொட்டு டாங்கியின் உடம்பில் இருந்தது. பெரிய போட் என்பதால் இதற்கு மட்டும் விசேசமாக மூடியின் நடுவில் வைத்தேன்.

இனி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நானா மூடியை இறுக்கிப் பூட்டுகிறவர், அதனால் காற்றுப் போக வேறு வழியில்லை, இடையில் பெற்றோல் அடிக்க மூடியைத் திறக்காமல் அரைமணிக்கு மேல் ஓடிய நாட்களில் இஞ்சின் நின்றது. அக்கா மகன் பெயருக்கு ஒரு திருகு திருகிவிட்டுப் போகிறவன், இடுக்கால் காற்றுப் போனது, இஞ்சின் ஓடியது. கவனமில்லாதவன் கெட்டிக்காரன் ஆனான், கவனமானவர் கள்ளன் ஆனார். நானோ ஒவ்வொரு தரமும் முதல் வேலையாக மூடியைத் திறந்து, பழுதை என் கையாலேயே மறைத்துவிட்டுப் பிறகு பழுதைத் தேடினேன். அந்தப் பொட்டு அத்தனை தரமும் என் கண்ணில் பட்டது. பொட்டைக் கண்டால் கும்பிடத் தெரியுமே தவிர, சோதிக்க எங்களுக்கு எங்கே தோன்றும்?

மண்ணெண்ணெய் மணமும் பொய்யில்லை. அன்று காலை முழுக்க நான் ஒரு மீன்பிடி இஞ்சினின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் கரைக்குப் போனேன். நான் மணந்தது என்னுடைய கையை.

உடனே எழும்பி ஓடியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? பொட்டைக் கத்தியால் சுரண்டினேன். துவாரத்தை ஊசியால் குத்தினேன். பக்கத்தில் தள்ளி, வெறும் சந்தனத்தில் புதுப் பொட்டு ஒன்று வைத்தேன். பெடியனிடம் கூடச் சொல்லவில்லை. மாரி முழுக்க அப்படியே கிடந்தேன். சித்திரையில், வருடப்பிறப்பு கழிந்து இனிப் பருவம் தொடங்கிவிடும் என்ற நேரம், ஒருநாள் மனம் பொறுக்காமல் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன்.

நானா மச்சானின் சீமெந்துக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலை, இமை, மீசை எல்லாம் சாம்பல் நிறம். என்னைக் கண்டதும் முகத்தைக் கழுவிவிட்டு வந்து கதிரை போட்டார், தேத்தண்ணி எடுப்பித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, வார்னிசு, என் கை மணம், ஒன்றையும் விடவில்லை.

முடித்த பிறகு கேட்டார்: "அந்த ஓட்டை பொட்டுக்குக் கீழதானா இருந்த? நான் ஒவ்வொரு நாளும் அதச் சுத்தித்தான் தொடைப்பன். கை படாமத் தொடைப்பன். ஒங்கட சாமி காரியம், நாம தொடக் கூடாதெண்டு."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நானா" என்றேன்.

"ஏன் பாஸ் எனக்கிட்ட வந்து செல்றீங்க?" அவர் சத்தம் போடவில்லை. "நான் கலக்கல்ல எண்டு எனக்கு முதலே தெரியும். தெரியாத ஆக்கள் அங்க கரையில நிக்கிறாங்க. அவங்கள்ட்டப் போய்ச் செல்லுங்க. ஒருநாள் செல்லுங்க, போதும்."

"ஓம், நாளைக்கே சொல்லுறன்" என்றேன். அவர் பஸ் நிற்குமிடம் வரைக்கும் கூட வந்தார்.

அடுத்த நாள் காலை போனேன். பொய் சொல்லவில்லை, சொல்லத்தான் போனேன். போட்டுகளைத் தள்ளி இறக்க ஆட்கள் எல்லோரும் கூடி நின்றார்கள், அக்கா மகனும் நின்றான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டப் போக, முதலாளி சிரித்துக்கொண்டு வந்து தோளில் கையைப் போட்டார். "பாஸ், நல்ல நேரம் வந்தியள். இன்னும் ரெண்டு போட் எடுக்கப் போறன், புது இஞ்சின். உங்களை விட்டா ஆரை நம்பிக் குடுக்கிறது?" என்றார்.

நான் "ஓம், கொண்டு வாங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த நாளை நான் தேடிப் போகவில்லை. அடுத்த கிழமை, அடுத்த மாதம், பருவம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் பட்டறையையே பூட்டிவிட்டேன். முதலாளியும் போட்டுகளை விற்றுவிட்டுக் கனடாவில் மகளோடு இருக்கிறார். இப்போது சொல்வதால் எனக்கு ஒரு இஞ்சினும் குறையப் போவதில்லை, அதனால்தான் சொல்கிறேன். இதைத் துணிவு என்று நினைத்து என்னை மெச்சிவிடாதீர்கள். பெடியன்கள் நீங்கள் இப்போது இஞ்சினில் கணினியைக் கொளுவிப் பழுது பார்க்கிறீர்கள், நல்லது. ஆனால் சுற்றி நிற்கிற இருபது பேருக்கு முன்னால் "எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லக் கணினி உதவாது. அதைச் சொல்ல வெட்கப்பட்ட ஒருவனுடைய கதை இது, அவ்வளவுதான்.

இதை எழுதத் தொடங்கும் முன்பு போன கிழமை நானாவுக்குப் போன் எடுத்தேன். இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார், மூட்டை தூக்க ஏலாது, வாசலில் இருந்து பில் துண்டு எழுதுகிறார். "நானா, எல்லாத்தையும் எழுதப் போறன். உங்கட பேரையும் ஊரையும் போட்டு, நீங்கள் குற்றமில்லாத ஆள் எண்டு எழுதப் போறன்" என்றேன்.

அதற்கு அவர் சொன்னார்.

"ஊரப் போடுங்க. பேர மட்டும் போடாதீங்க, பாஸ். எண்ட பேரையும் மண்ணெண்ணெயையும் ஒண்டா வாசிச்சா, ஆக்களுக்கு அந்த ரெண்டு மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும்."